உப்புக் கணக்கில் தண்ணீரையும் சேர்ப்போம்

உயர் இரத்த அழுத்தம், இதயத் தளர்ச்சி, சிறுநீரக நோய் ஆகியவற்றுள் எதற்காக மருத்துவமனைக்கு வந்தாலும் நோயாளியும் அவரோடு வந்தவரும் தவறாமல் கேட்டுத் திரும்பும் அறிவுரை ஒன்று உண்டு: "உப்பைக் குறையுங்கள்." அன்றிலிருந்து அந்த வீட்டில் ஊறுகாய்ச் சாடி மேல்தட்டுக்கு ஏறிவிடும். அப்பளமும் மோர் மிளகாயும் கருவாடும் நிறுத்தப்படும். குழம்பில் ஒரு கரண்டி உப்பு அரைக் கரண்டியாகும். நோயாளிக்குத் தனிச் சட்டியில் சமைக்கும் வீடுகளும் பல.

இவையெல்லாம் செய்யவேண்டியவையே. ஆனால் உப்பு என்றதும் நாம் அடுக்களையில் உள்ள உப்புச் சாடியை மட்டுமே பார்க்கிறோம். அதன் பக்கத்திலேயே இருக்கும் தண்ணீர்க் குடத்தைப் பார்ப்பதில்லை. கடலோர ஊர்களில் வாழும் நோயாளிகளைப் பொறுத்தவரை இது பெரிய பிழை என்பது என் கருத்து. உப்பைக் குறைக்கச் சொல்லும் எந்த மருத்துவமனையும் அதே மூச்சில், "எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்றும் கேட்கவேண்டும். நோயாளியைப் பேணும் குடும்பத்தாரும் அந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கவேண்டும். நான் மருத்துவன் அல்லன். ஆலத்தியூரில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியன். உடன்பிறந்தவளை ஓராண்டுக்கும் மேலாக மருத்துவமனைக்கு அழைத்துவந்து செல்பவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

அக்காளின் மீது விழுந்த பழி

என் அக்காள் வேதாரண்யத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவர். உப்பளங்கள் சூழ்ந்த பகுதி அது. இதயம் தளர்ந்திருக்கிறது என்று அங்கேயே கண்டறிந்து மருந்து கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கவும் சொன்னார்கள். அக்காள் சொன்னதைச் செய்பவர். விருந்து வீட்டிலும் ஊறுகாயைத் தொடமாட்டார். ஆயினும் கால் வீக்கம் வடியவில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மூச்சு முட்டும், மருத்துவமனையில் சேர்ப்பார்கள், நீர் பிரியும் மருந்து கொடுத்து வீக்கத்தை வடியவைத்து அனுப்புவார்கள், மறுபடியும் அதே கதை.

இப்படி நடக்கும்போது குடும்பத்தில் என்ன நிகழும் என்பது உடனிருந்து பேணும் எல்லோருக்கும் தெரியும். ஐயம் நோயாளியின் மீதே விழும். "எங்களுக்குத் தெரியாமல் எதையோ சாப்பிடுகிறாள்" என்று மகன் சொன்னான். மருமகள் ஊறுகாய்ச் சாடியை அண்டை வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். நானும் தொலைபேசியில், "உன் உடம்பை நீயே கெடுத்துக்கொள்ளலாமா?" என்று கடிந்திருக்கிறேன். அக்காள் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசி நம்பவைக்க இயலாது என்று தெரிந்துகொண்டவர்களின் மௌனம் அது என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

பின்னர் சிகிச்சைக்காக அவரை ஆலத்தியூருக்கு அழைத்துவந்தேன். மருத்துவமனையில் உணவுப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர், எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி அம்மா இருக்கும்?" என்று கேட்டார். அக்காள் சாதாரணமாகச் சொன்னார்: "சோத்துக்கு நாங்க தனியா உப்பே போடுறதில்லைம்மா. எங்க ஊருத் தண்ணியே போதும்."

எழுதிக்கொண்டிருந்த செவிலியரின் கை நின்றது. எனக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது: அக்காள் வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம் தேநீரில் பால் திரிந்துபோகும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேக நெடுநேரம் ஆகும். இவற்றையெல்லாம் பற்றி நாங்கள் பல ஆண்டுகள் சிரித்துப் பேசியிருக்கிறோம். அவற்றை நோயோடு சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

மகனிடம் சொல்லி, அவர்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் நீரைப் பரிசோதிக்கச் செய்தோம். குளோரைடு அளவு விரும்பத்தக்க வரம்பைவிட மிகுதி. ஆயினும் அனுமதிக்கத்தக்க உச்ச வரம்புக்குள் இருந்தது. "வரம்புக்குள்தான் இருக்கிறதே, மாமா" என்று மகன் சொன்னான். அந்தச் சொல் எனக்கு அமைதி தரவில்லை. கணக்கு ஆசிரியனாக இருந்தவன் என்பதால் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு சிறு கணக்கு

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல். சோடியம் ஏறத்தாழ 10.8 கிராம். உடலில் நீரைத் தேக்கிவைத்து இரத்த அழுத்தத்தைக் கூட்டுவதில் முதன்மைப் பங்கு இந்தச் சோடியத்துக்கே.

நல்ல கிணற்று நீரில் 100 பங்குக்கு 2 பங்கு கடல்நீர் கலந்தால் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் சேரும். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டுதலின்படி, ஏறத்தாழ இந்த 200 மில்லிகிராம் அளவில்தான் நாக்கு உப்பை உணரத் தொடங்குகிறது. பிறந்தது முதல் அதே நீரைக் குடித்துப் பழகிய நாக்கு அதையும் உணராமல் போகலாம்.

இப்போது 20 பங்கில் ஒரு பங்கு, அதாவது 100-க்கு 5 பங்கு கடல்நீர் கலந்ததாகக் கொள்வோம். குளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 970 மில்லிகிராம் ஆகும். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, குளோரைடுக்கு விரும்பத்தக்க வரம்பு 250 மில்லிகிராம் என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1000 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. ஆகவே இந்த நீர் "வரம்புக்குள்" அடங்கிவிடுகிறது. ஆனால் அதே நீரில் சோடியம் லிட்டருக்கு ஏறத்தாழ 540 மில்லிகிராம் இருக்கும். மண்ணோடு வினைபுரிவதால் இந்த அளவு சற்றுக் கூடலாம், குறையலாம்.

நம் வெயிலில் உழைக்கும் ஒருவர் குடிப்பதும், காப்பி தேநீரில் சேர்வதும், சோற்றிலும் குழம்பிலும் வற்றி உள்ளே போவதும் சேர்ந்து நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் வழியாக மட்டும் ஏறத்தாழ 1.6 கிராம் சோடியம் உடலில் சேரும். இது 4 கிராம் சமையல் உப்புக்குச் சமம். நலமாக இருக்கும் பெரியவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புத்தான் உகந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் ஊறுகாயைத் தொடாமல், உப்புச் சாடியைத் திறக்காமல் இருக்கும் ஒரு நோயாளி, குடத்துத் தண்ணீரிலேயே அந்நாளின் பங்கில் பெரும்பகுதியைப் பெற்றுவிடுகிறார்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்காள் எங்களை ஏமாற்றவில்லை. ஏமாந்தவர்கள் நாங்கள்.

ஐ.எஸ். 10500-ல் சோடியத்துக்கென்று தனி வரம்பு கிடையாது. குளோரைடுக்கான வரம்பும் சுவையையும் குழாய் அரிப்பையும் முதன்மையாகக் கருதி அமைந்ததே. தளர்ந்த இதயத்தை மனத்தில் கொண்டு அமைந்தது அன்று. நலமுள்ளவருக்கு வகுத்த வரம்பைக் கொண்டு நோயுற்றவர், "எனக்குத் தீங்கில்லை" என்று முடிவுகட்ட இயலாது. பரிசோதனைச் சீட்டில் "வரம்புக்குள்" என்று இருப்பதை நோயாளியின் வீடு வேறு கண்ணோடு படிக்கவேண்டும்.

கடல் எப்படிக் கிணற்றுக்குள் வருகிறது?

கடலோரத்தில் நிலத்துக்கடியில் நன்னீரும் உவர்நீரும் அடுத்தடுத்தே இருக்கின்றன. மழைநீர் மணலில் இறங்கித் தேங்கும்போது, எடை குறைந்த அந்நன்னீர், எடை மிகுந்த உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் கைபன், ஜெர்மனியின் எர்ட்ஸ்பெர்க் ஆகியோர் தனித்தனியே கண்ட உண்மை. இதைத் தலைகீழாகப் படித்தால் அச்சம் விளங்கும்: மிகுதியாக இறைத்து மேல்மட்டத்தை 1 மீட்டர் தாழ்த்தினால், அடியிலிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 மீட்டர் மேலேறி வரக்கூடும்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புவோர்க்கு யாழ்ப்பாணத்துப் புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணறு நல்ல சான்று. சுண்ணாம்புக் கற்பாறையில் அமைந்த அந்த ஆழ்கிணற்றில் மேலே நன்னீர்; ஆழம் செல்லச் செல்ல உவர்ப்பு. குடாநாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக மேல்நீரை அளவோடு எடுத்து வாழ்ந்தனர். அளவு தவறினால் கீழ்நீர் மேலேறும் என்பதே அங்குள்ள நீர்வளத்தின் விதி.

தமிழ்நாட்டில் நன்கு ஆராயப்பட்ட இடம் சென்னைக்கு வடக்கேயுள்ள மீஞ்சூர். நகரத்துக்கும் ஆலைகளுக்கும் வயல்களுக்குமாக அங்கே நிலத்தடி நீர் ஓயாமல் இறைக்கப்பட்டது. 1960-களின் இறுதியில் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வரை உட்புகுந்திருந்த உவர்நீர், 1980-களில் ஏறத்தாழ 9 கிலோமீட்டரைத் தொட்டது. 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. 2010-இல் அதே மீஞ்சூர்ப் பகுதியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. இனித்த கிணறுகளை உவர்ப்பாக்கிவிட்டு, உவர்ந்த கடலைப் பெருஞ்செலவில் இனிப்பாக்கும் நிலைக்கு வந்தோம்.

எங்கள் அக்காளின் பகுதியான நாகை மாவட்டக் கடற்கரையில் வேறு காரணங்களும் சேர்ந்தன. 1990-களில் வயல்களுக்கிடையே இறால் பண்ணைகள் பெருகின. கடல்நீரைக் குளங்களில் தேக்கிவைத்ததால் அது மண்ணில் இறங்கிக் குடிநீர்க் கிணறுகளைக் கெடுத்தது என்று உழவர்கள் முறையிட்டனர். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் அவர்களோடு நின்று போராடினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அமைந்த இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னர் 2005-இல் கடல்சார் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கெனத் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன. இதற்கிடையே 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, கரையோரக் கிணறுகளை ஒரே காலைப்பொழுதில் கடல்நீரால் நிரப்பிச் சென்றது.

ஆலத்தியூரிலிருந்து பார்க்கும்போது

"கடல் இங்கிருந்து அறுபது எழுபது கிலோமீட்டர் தொலைவில் அல்லவா இருக்கிறது? இது நமக்கு எதற்கு?" என்று அரியலூர், பெரம்பலூர் வாசகர்கள் கேட்கலாம். இரண்டு காரணங்களால் இது நமக்கும் உரியது.

முதலாவது, "உப்புத் தண்ணீர்" என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு நீர்களைக் குறிக்கிறோம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலுக்கடியில் இருந்தது. வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் கல்லான உடல்களைப் பார்க்கலாம். அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்லே இன்று ஆலத்தியூரின் சிமெண்ட் ஆலைக்கு மூலப்பொருள். அப்பாறை வழியே வரும் நீரில் கால்சியம் மிகுதி. அதனால் பாத்திரத்தில் வெண்படலம் படிகிறது, சோப்பு நுரைப்பதில்லை. இது கடினநீர். இதையும் நாம் "உப்புத் தண்ணீர்" என்கிறோம். ஆனால் கடினத்தன்மை வேறு, சோடியம் வேறு. நம் ஊர்ச் சுண்ணாம்பு நீரைக் கண்டு இதய நோயாளி உப்புக் கணக்கு குறித்து அஞ்சத் தேவையில்லாமல் இருக்கலாம். கடலோர நீரைக் குடிக்கும் நோயாளி அஞ்சவேண்டியிருக்கலாம். நாக்கை நம்பி இரண்டையும் பிரிக்க முடியாது. கையடக்க டி.டி.எஸ். கருவியும் பிரித்துச் சொல்லாது. மொத்தம் எவ்வளவு கரைந்துள்ளது என்பதையே அது சொல்லும். ஆய்வகத்தில் சோடியத்தையும் குளோரைடையும் தனித்தனியே பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இரண்டாவது காரணம் கொள்ளிடம். அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையாக ஓடும் அந்த ஆறே கீழே சென்று கடலில் கலக்கிறது. ஆற்றில் நன்னீர் இறங்கி ஓடும்வரை முகத்துவாரத்தில் கடல் பின்வாங்கி நிற்கும். ஓட்டம் நின்று, மணலும் அள்ளப்பட்டு, படுகை தாழ்ந்தால் கடல்நீர் ஆற்றுவழியே உள்ளே ஏறும். இரு கரைக் கிணறுகளிலும் கசியும். கடலோர மாவட்டங்களின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பலவும் கொள்ளிடப் படுகையின் ஊற்றையே நம்பியிருக்கின்றன. மேற்கரையில் வாழும் நாம் மணலைக் காப்பதும் வீணாய் இறைக்காமல் இருப்பதும், கீழ்க்கரையில் வாழும் ஒரு நோயாளியின் உப்புக் கணக்கோடு தொடர்புடையவை.

மறுப்புகளும் விடையும்

"நாம் உண்ணும் உப்பில் பெரும்பகுதி உணவிலிருந்தே வருகிறது, தண்ணீரின் பங்கு மிகச் சிறியது" என்று சிலர் கூறுவர். நல்ல நீர் கிடைக்கும் ஊர்களுக்கு அது முற்றிலும் உண்மை. அவர்கள் தண்ணீரை நொந்துகொண்டு ஊறுகாயை மறக்காமல் இருந்தால், அதுவே கேடாகும். நான் பேசுவது உவர்நீரையன்றி வேறு நீர் இல்லாதவர்களைப் பற்றி.

வங்கதேசத்தின் கடலோரத் தாக்கோப் பகுதியில் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. வறண்ட மாதங்களில் அங்கே குடிநீர் வழியாக மட்டும் நாளொன்றுக்கு 5 முதல் 16 கிராம் வரை சோடியம் உட்கொள்ளப்படுவதாக அவ்வாய்வு கணக்கிட்டது. கர்ப்பகால உயர் இரத்த அழுத்தமும் மழைக்காலத்தைவிட வறண்ட காலத்தில் மிகுதியாகக் காணப்பட்டது. அதே நாட்டின் பிறிதோர் ஆய்வு, மிதமான உவர்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கவும் கூடும் என்று காட்டியது. ஆகவே உவர்நீர் குடிப்போர் எல்லோருக்கும் நோய் வரும் என்று அச்சுறுத்துவது நேர்மையாகாது. ஆனால் ஏற்கெனவே இதயமோ சிறுநீரகமோ தளர்ந்து, ஒவ்வொரு கிராம் உப்பையும் எண்ணச் சொல்லப்பட்டவருக்கு, எண்ணாமல் விட்ட 4 கிராம் பெரிது. இதை மறுக்க ஆய்வு எதுவும் வேண்டியதில்லை; கூட்டல் கணக்கே போதும்.

"இருக்கும் நோயாளிக் கூட்டத்தில் இதையும் கேட்க நேரம் ஏது?" என்பது இன்னொரு மறுப்பு. அந்தச் செவிலியர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் அக்காள் எத்தனை முறை மருத்துவமனையில் சேர்ந்தார், எத்தனை இரவுகள் மகன் வெளித் திண்ணையில் விழித்திருந்தான் என்று எண்ணிப் பார்த்தால், நேரத்தை மிச்சப்படுத்துவது எது என்பது விளங்கும்.

மருத்துவமனையும் அரசும் செய்யக்கூடியவை

நோயாளியின் சீட்டில் வயது, எடை, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கு இடம் இருப்பதுபோல, "குடிநீர், சமையல் நீர் எங்கிருந்து?" என்பதற்கும் ஒரு வரி இருக்கவேண்டும். ஆழ்துளைக் கிணறு, திறந்த கிணறு, ஊராட்சிக் குழாய், கூட்டுக் குடிநீர், கேன் தண்ணீர் என்று ஐந்து சொற்கள் அச்சிட்டிருந்தால் ஒன்றில் வட்டமிடலாம். உயர் இரத்த அழுத்தம் உடையோர், இதய, சிறுநீரக நோயாளிகள், கருவுற்றோர் ஆகியோருக்காவது இது கட்டாயமாக்கப்படவேண்டும்.

தண்ணீரின் தரம் சிகிச்சையில் எத்துணைப் பங்கு வகிக்கிறது என்பது மருத்துவமனைகள் அறியாததன்று. டயாலிசிஸ் சிகிச்சையில் நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 120 லிட்டர் நீர் நோயாளியின் இரத்தத்துக்கு அருகே, மெல்லிய சவ்வுக்கு மறுபக்கத்தில் ஓடுகிறது. அந்நீரைத் தூய்மைப்படுத்தத் தனி அறையும் கருவிகளும் வைத்திருக்கிறோம். அதே நோயாளி வீட்டுக்குத் திரும்பியதும் எந்த நீரில் கஞ்சி காய்ச்சுகிறார் என்பதையும் ஒருமுறை கேட்டுவிடலாம்.

அரசின் பக்கம் இரண்டு கோரிக்கைகள். குடிநீர்த் தர நிர்ணயத்தில் சோடியத்துக்கும் ஓர் அளவு குறிக்கப்படவேண்டும். கடலோர ஊராட்சிகளில் கோடையில் எடுக்கும் நீர்ப் பரிசோதனை முடிவு, அந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் எல்லோரும் படிக்கும்படி எழுதப்படவேண்டும். மழைக்குப் பின் எடுத்த முடிவு மட்டும் போதாது. உப்பு ஏறுவது கோடையில்.

வீட்டில் செய்யக்கூடியவை

உடனிருந்து பேணுவோருக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் மருத்துவர்களிடம் கேட்டறிந்தவற்றையும் சொல்லி முடிக்கிறேன்.

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் வற்றுவதால் உப்பின் செறிவு கூடவே செய்யும். துணியில் வடிகட்டினாலும், மண்பானையில் ஊற்றினாலும், நன்னாரியோ வெட்டிவேரோ போட்டாலும் சுவை மாறலாம், சோடியம் குறையாது. எதிர்ச் சவ்வூடு முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவி சோடியத்தைக் குறைக்கும். ஆனால் கடினநீரை மென்னீராக்கப் பொருத்தும் 'சாஃப்ட்னர்' கருவி கால்சியத்தை நீக்கி, அதற்கு ஈடாகச் சோடியத்தைச் சேர்க்கிறது. நம் சுண்ணாம்பு நீர்ப் பகுதியில் இதைப் பொருத்தியவர்கள், குடிக்கவும் சமைக்கவும் அந்நீரைப் பயன்படுத்துவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இருக்கும் நல்ல நீர் குறைவு என்றால், அதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒதுக்குங்கள். குளிக்கவும் துவைக்கவும் உவர்நீர் போதும். "குடிக்கத்தான் நல்ல தண்ணீர் வைத்திருக்கிறோமே" என்று சொல்லிக்கொண்டு உவர்நீரில் உலை வைக்கும் வீடுகள் பல. அரிசி அந்நீரைக் குடித்துத்தான் சோறாகிறது.

வீட்டுக் கிணற்று நீரை ஆண்டுக்கு ஒருமுறையாவது, கோடையில், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ வேறு நல்ல ஆய்வகத்திலோ கொடுத்துப் பாருங்கள். குளோரைடுடன் சோடியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளோடு சேர்த்து வைத்து, அடுத்தமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று அறிந்ததும், மருத்துவரைக் கேளாமல் குடிக்கும் நீரின் அளவையோ மருந்தின் அளவையோ மாற்றாதீர்கள். சாதாரண உப்புக்கு ஈடாக இந்துப்பைப் பயன்படுத்துவதால் பயனில்லை. அதுவும் பெரும்பாலும் சோடியமே. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

அக்காள் இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் நீரைப் பிடித்து, குடிப்பதும் சமைப்பதும் அதிலேயே நடக்கிறது. வீக்கம் வெகுவாக வடிந்திருக்கிறது. இங்கே மருந்துகளும் மாற்றப்பட்டன. ஆகவே வடிந்தது மருந்தாலா, தண்ணீராலா என்று பிரித்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும். மருமகள் ஊறுகாய்ச் சாடியை அண்டை வீட்டிலிருந்து திரும்பக் கொண்டுவந்து, அதன் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறாள். அக்காள் அதைத் தொடுவதில்லை, முன்பும் தொட்டதில்லை.

உங்கள் வீட்டிலும் உப்பைக் குறைத்தும் வீக்கம் வடியாத ஒருவர் இருந்தால், அவரைக் கடிந்துகொள்வதற்கு முன் அவர் குடிக்கும் தண்ணீரைப் பற்றி ஒருமுறை கேளுங்கள்.